கருங்கல் படியில் முட்டையிட முடியாது

காஞ்சிபுரம் கச்சபேசுவரர் கோயிலில் திருமால் ஆமையாக வந்து சிவனைப் பூசித்தார் என்கிறது தலபுராணம். அந்தப் பக்கத்து ஏரி, குளங்களில் உயிருள்ள ஆமையைத் தேடுபவர் இரண்டு வகைகளை எதிர்பார்க்கலாம். ஒன்று பாலாமை. ஓட்டின் மேல் தோல் போர்த்தியிருக்கும். வயிற்றுப்புறத்தில் உள்ள இரண்டு மடல்கள் பின்னங்கால்களை உள்ளிழுத்ததும் மூடிக்கொள்ளும். மற்றது கெட்டியான கரிய ஓடு கொண்டது. முதுகில் நீளவாக்கில் மூன்று வரம்புகள் ஓடும். குஞ்சில் அவை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

குஞ்சு நான்கைந்து செ.மீ. நீளம்தான். மூக்கு நுனியில் உள்ள சிறு முள்ளால் முட்டையைக் கிழித்து வெளியே வரும். பிறகு அந்த முள் உதிர்ந்துவிடும். வயிற்றில் மிஞ்சிய மஞ்சள் கரு இருப்பதால் முதல் சில நாள் இரை தேட வேண்டியதில்லை. ஆனால் கொக்கு, காகம், விரால் மீன் எல்லாவற்றுக்கும் அது இரை. அதனால் பாசிக்குள்ளேயே பதுங்கிக் கிடக்கும். காலை வெயிலில் அசையாமல் உட்கார்ந்து கரையோரப் பாசியைக் கவனியுங்கள். மூச்சு வாங்க நீட்டிய மூக்கு மட்டும் தெரியும்.

பெரிய ஆமை இருக்கிறதே, குளம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஆமைக்கு ஆயுள் அதிகம். கெட்டுப்போன குளத்திலும் பல ஆண்டு காலம் தள்ளும். முட்டையிட மட்டும் அது கரையேறி மண்ணைத் தோண்டியாக வேண்டும். பாலாமையின் முட்டை பல மாதம் மண்ணுக்குள் கிடந்து, மழையில் நிலம் இளகும்போது பொரிக்கும். நான்கு பக்கமும் கருங்கல் படியோ சிமென்ட் கரையோ கட்டிவிட்டால் தாய்க்கு இடமில்லை. குஞ்சைக் கண்டால்தான் அங்கே மண்கரை மிச்சமிருக்கிறது என்று நம்பலாம்.

குளம் வற்றினால் பாலாமை சேற்றில் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். கோடையில் பொக்லைன் வைத்துத் தூர்வாருகிறவர்கள் முதலில் சேற்றைக் கிளறிப் பார்ப்பது நல்லது.

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அது அமெரிக்க ஆமை. வீட்டுத் தொட்டியில் வளர்த்து அலுத்தவர்கள் விட்டுப் போனது. சால்மோனெல்லா கிருமிக்குப் பயந்து, 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்காவே 1975இல் தடை போட்டது. தயவுசெய்து அதைக் கோயில் குளத்தில் விடாதீர்கள்.

‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்ற பழமொழி சில குஞ்சுகளையாவது காப்பாற்றியிருக்கும். அதை நம்பாதவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. பாலாமை 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. பிடித்தால் குறைந்தது 3 ஆண்டு சிறை.