சளியை எடுக்கும்போது பிராணவாயு குறையாதிருக்க

பயிருக்குத் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடலில் மிகுதியாக ஏறிவிட்டால், மூச்சுப்பாதையில் நீரும் சளியும் பெருகும். மூச்சுவிட உதவும் தசைகளும் தளரும். அத்தகைய நோயாளியின் மூச்சுக்குழலில் ஒரு சுவாசக் குழாயைச் செலுத்தி, வென்டிலேட்டர் என்னும் இயந்திரத்துடன் டாக்டர்கள் இணைக்கிறார்கள். குழாய் உள்ளவரை அவரால் இருமிச் சளியைத் தள்ள இயலாது. எனவே, நர்ஸ் ஒரு மெல்லிய உறிஞ்சுகுழலை உள்ளே விட்டுச் சளியை எடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், அக்குழல் சளியை மட்டும் உறிஞ்சுவதில்லை. நுரையீரலிலுள்ள காற்றையும் உறிஞ்சிவிடுகிறது. கிணற்றைத் தூர் வாருகையில் சேற்றோடு நீரும் வருவதைப் போன்றதே இது. இயந்திரத்தின் இணைப்பைக் கழற்றினாலோ, வரும் காற்றும் நின்றுபோகும். இரத்தத்தில் பிராணவாயு விரைவில் குறைந்து, இதயத் துடிப்பும் தடுமாறக்கூடும்.

ஆகவேதான், உறிஞ்சுவதற்கு முன் 30 முதல் 60 விநாடி வரை 100 சதவீதப் பிராணவாயு அளிக்கிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பது 21 சதவீதமே. முடிந்த பின்னரும் சிறிது நேரம் அவ்வாறே அளிப்பர். ஒரு தடவை உறிஞ்சுவது 15 விநாடிக்கு மேற்படலாகாது. உறிஞ்சுகுழலின் பருமன் சுவாசக் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். இல்லையேல் பக்கவாட்டில் காற்று புக இடமிராது. இணைப்பைக் கழற்றாமலே சளியை எடுக்கும் மூடிய அமைப்புகளும் இன்று பல ஆஸ்பத்திரிகளில் உள்ளன. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் காட்டும் அளவு 90-க்குக் கீழ் இறங்கினால், உறிஞ்சுவதை நிறுத்திப் பிராணவாயு கொடுப்பதே முதல் வேலை.

"மணிக்கொரு தரம் சளி எடுக்கவில்லையே" என்று உறவினர் மனத்தாங்கல் கொள்வதுண்டு. அவர்களது கவலை நியாயமானதே. எனினும், கடிகாரத்தைப் பார்த்துச் செய்யும் காரியமன்று இது. குழாயில் கரகரவென்ற ஒலி, இயந்திரத்தில் அழுத்தம் ஏறுதல், காரணம் தெரியாமல் பிராணவாயு அளவு இறங்குதல் போன்ற அறிகுறிகள் தோன்றும்போதுதான் சளியை எடுக்க வேண்டும். வேண்டாதபோது எடுத்தால் மூச்சுக்குழலின் உட்புறம் புண்படும்.

சிலர் கழுத்தில் துளையிட்டுப் பொருத்திய குழாயுடன் வீடு திரும்புகின்றனர். அவர்களுக்குச் சளி எடுக்கும் பொறுப்பு வீட்டாரைச் சார்ந்தது. ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படுமுன், நர்ஸின் முன்னிலையில் தம் கையாலேயே பலமுறை செய்து பழகுதல் அவசியம். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் ஊர்களில், காலால் மிதித்து இயக்கும் உறிஞ்சு கருவி ஒன்றையும் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டும்.