உங்களுக்குத் தெரியுமா? பெட்டிக்குள் ஒளிந்திருந்த சில்லு பிரபலமான கதை

● கணினி வாங்குபவர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் சில்லு யாருடையது என்று 1980களில் பலரும் கேட்டதே இல்லை. சில்லு தயாரிக்கும் அமெரிக்காவின் இன்டெல் நிறுவனத்துக்கு அதுதான் தலைவலி.

● போதாக்குறைக்கு, இன்டெல் தன் சில்லுக்குப் பெயராக வைத்த ‘386’ என்ற எண்ணை வணிக முத்திரையாக உரிமை கொண்டாட முடியாது என்று 1991இல் அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது. போட்டியாளரான ஏஎம்டியும் அதே எண்ணில் சில்லு விற்க வழி பிறந்தது.

● அதே ஆண்டு இன்டெல், கணினி தயாரிப்பாளர்களைக் கூட்டுச் சேர்த்தது. அவர்கள் சில்லு வாங்கும் தொகையில் ஒரு பங்கைத் தனி நிதியாக ஒதுக்கியது. விளம்பரத்தில் ‘இன்டெல் இன்சைடு’ (உள்ளே இன்டெல்) சின்னத்தைப் போட்டவர்கள், செலவில் ஒரு பகுதியை அந்த நிதியிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

● கணினி நிறுவனத்துக்கு விளம்பரச் செலவு குறைந்தது; இன்டெலின் பெயரோ எல்லாருடைய விளம்பரத்திலும் ஏறியது. 1991 முடிவதற்குள் சுமார் 300 நிறுவனங்கள் சேர்ந்துவிட்டன.

● இன்டெல் விளம்பர முடிவில் ஒலிக்கும் குட்டி இசை 1994இல் வந்தது. அமைத்தவர் ஆஸ்திரியாவில் பிறந்த வால்டர் வெர்சோவா.

● நூல், மசாலா, உதிரிபாகம் என்று உங்கள் சரக்கும் இன்னொருவர் பொருளுக்குள் மறைந்துபோகிறதா? அவரோடு சேர்ந்தே விளம்பரம் செய்யலாம். யார் எவ்வளவு செலவிடுவது, யார் பெயர் எங்கே வருவது என்பதை மட்டும் முதலிலேயே பேசி எழுதி வைத்துவிடுங்கள்.