வாயில்லா ஜீவனுக்கும் வலி உண்டு!

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலை மேல் இருக்கிறது நெல்லிவாசல்நாடு. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் இடம். சாமை விதைப்பார்கள், ஆடு, மாடு வளர்ப்பார்கள். மலையானாலும் சமவெளியானாலும், ஏழைக் குடும்பத்துக்கு அவசரத்தில் கைகொடுப்பது ஆடுதான்.

ஆடு வளர்ப்போர், ஆண் குட்டிகளில் ஒன்றிரண்டைப் பொலிக்கு விட்டுவிட்டு, மற்றவற்றுக்குக் காயடிப்பது வழக்கம். காயடித்த ஆடு அதிகம் முட்டாது. கறியில் கிடா வாடை வீசாது. மந்தையில் கண்டபடி சினை பிடிக்காது.

லாபம் வளர்ப்பவருக்கு. வலி குட்டிக்கு!

வாலை அறுக்கும் நாடுகள்

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கம்பளி ஆடுகளுக்கு நீண்ட வால் உண்டு. அதில் சாணம் ஒட்டினால் ஈ முட்டையிடும். புழு வைத்துச் சதையைத் தின்னும். அதனால் குட்டியிலேயே வாலை அறுத்து விடுகிறார்கள். நம் மேச்சேரி ஆட்டுக்கும் சென்னைச் சிவப்பு ஆட்டுக்கும் வால் சிறியது. இங்கே அந்த வேலை இல்லை.

ஆனால், வால் அறுப்பதை ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை நமக்கும் உதவும். வலிக்கும் குட்டி எப்போதும் கத்துவதில்லை! ஆடு, புலிக்கும் நரிக்கும் இரையாகும் பிராணி. வலியை வெளியே காட்டினால் ஆபத்து என்பது அதன் பிறவிக் குணம்.

முகம் சொல்லும் சேதி

2016-ல் ஆராய்ச்சியாளர்கள், வால் அறுத்த குட்டிகளின் முகத்தைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வலி வந்ததும் கண் இடுங்கியது. காது, மூக்கு, வாய் எல்லாம் மாறின.

வேறு அடையாளங்களும் உண்டு. குட்டி படுக்கும், எழும், மறுபடி படுக்கும். காலை உதைக்கும். விறைத்து நடக்கும். பால் குடிக்காமல் ஒதுங்கும்.

வலியைக் குறைக்க வழி என்ன?

முன்பு கல்லாலும் கட்டையாலும் நசுக்கினார்கள். இப்போது கால்நடை மருத்துவர்கள் பர்டிசோ என்னும் இடுக்கியால் செய்கிறார்கள். தோல் கிழியாது, ரத்தம் வராது. விதைக்குப் போகும் ரத்தக்குழாய் உள்ளே நசுங்கிவிடும். புண் இல்லாததால் ரண ஜன்னி பயமும் குறைவு.

ரத்தம் வராவிட்டாலும் வலி உண்டு. அதற்கும் மருந்து இருக்கிறது. முதலில் லிக்னோகெயின் ஊசி. சில நிமிடத்தில் அந்த இடம் மரத்துப் போகும். பிறகு வரும் வலிக்கு மெலாக்சிகாம். அளவு மீறினால் லிக்னோகெயின் குட்டியின் உயிருக்கே ஆபத்து. ஆகவே மருத்துவர்தான் போட வேண்டும்.

வீட்டில் உள்ள வலி மாத்திரையைக் கொடுக்கலாமா? கூடாது! டைக்ளோபினாக் மருந்தைக் கால்நடைக்குத் தருவது 2006-லேயே தடை செய்யப்பட்டது. அந்த மருந்து ஏறிய பிணத்தைத் தின்று கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்ததுதான் காரணம்.

ஒரு தமிழ்ப் பெண்மணியின் முயற்சி

மிருகவதைத் தடைச் சட்டம் 1960-ல் வந்தது. அதற்காக ராஜ்ய சபையில் முதலில் குரல் கொடுத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டம் காயடிப்பதைத் தடுக்கவில்லை. விதித்த முறைப்படி செய்ய வேண்டும் என்கிறது.

காயடிக்கும் நாள் வந்தால், குட்டியை அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லுங்கள். "வலிக்காமல் இருக்க ஊசி போட்டுச் செய்யுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். குட்டியால் கேட்க முடியாது. அதற்காக நாம்தான் கேட்க வேண்டும்!