போக ஒன்பதரை மணி, திரும்பப் பதினொரு மணி!

ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் மாலை 5 மணிக்குக் கிளம்பும் விமானம், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் அதே நாள் காலை 10 மணிவாக்கில் தரையிறங்கும்! கிளம்புவதற்கு முன்பே எப்படிப் போய்ச் சேர்ந்தது?

பசிபிக் கடலின் நடுவே சர்வதேசத் தேதிக் கோடு இருக்கிறது. அதைக் கிழக்கு நோக்கித் தாண்டினால் தேதியை ஒரு நாள் குறைத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் இந்த வேடிக்கை. உண்மையில் அந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரம் ஆகிறது. ஆனால் அங்கிருந்து திரும்பி வர 11 மணி நேரம்! ஊர்கள் அவையேதான், தூரமும் மாறவில்லை. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

முதலில் தூரத்தைப் பார்ப்போம். இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. சுவரில் தொங்கும் உலகப் படத்தில் நேர்கிழக்காக ஒரு கோடு போட்டால் போதும் என்று தோன்றும். அந்தக் கோட்டின் வழியே போனால் சுமார் 8,700 கி.மீ. இப்போது ஓர் உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் வடக்கே நகர்ந்து, அலாஸ்காவின் அலூசியன் தீவுகளை நோக்கி வளையும். அதன் நீளம் சுமார் 8,250 கி.மீ.தான். பூமி உருண்டை என்பதால் இதுதான் மிகக் குறுகிய வழி. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள்.

அடுத்தது காற்று. தரையிலிருந்து சுமார் 10 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று பாய்கிறது. வெப்பமான தெற்குக் காற்றுக்கும் குளிர்ந்த வடக்குக் காற்றுக்கும் உள்ள வேறுபாடு, பூமியின் சுழற்சி ஆகிய இரண்டும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர் 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை நகர்வதைக் கருவியால் கவனித்து இந்தக் காற்றை அளந்தார்.

ஆற்றில் நீரோட்டத்தோடு நீந்துவது எளிது, எதிர்த்து நீந்துவது கடினம் அல்லவா? விமானத்துக்கும் அப்படித்தான். காற்றில் அதன் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வழிநெடுக 100 கி.மீ. வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளினால், தரையைப் பொறுத்து அதன் வேகம் 1,000 கி.மீ. அதே காற்று எதிரே வீசினால் 800 கி.மீ.தான். 8,250ஐ இரண்டாலும் வகுத்துப் பாருங்கள். ஒன்றுக்கு எட்டேகால் மணி, மற்றதற்கு 10 மணிக்கும் மேல். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது ஆகியவற்றுக்கான நேரத்தையும் சேர்த்தால் நம் விடை கிடைத்துவிடும்.

அதனால் விமானப் பாதையைத் திட்டமிடுபவர்கள் நூல் காட்டும் வழியை மட்டும் பார்ப்பதில்லை, அன்றைய காற்றையும் பார்க்கிறார்கள். கிழக்கே போகும்போது ஜெட் காற்றைத் தேடிப் போவார்கள். மேற்கே வரும்போது அதை விட்டு விலகுவார்கள். சில நாட்களில் சற்றுச் சுற்றிப் போகும் விமானமே சீக்கிரம் போய்ச் சேரும், எரிபொருளும் மிச்சமாகும்.

உங்களுக்கு ஒரு வேலை: உருண்டையில் டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடியுங்கள். அது கிழக்கே போகிறதா, மேற்கே போகிறதா, இல்லை வேறு எங்காவது போகிறதா?