கண்ணுக்குத் தெரியாத பயணத்துக்கு ஒரு கூடம்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவதை யாரும் நின்று பார்க்கலாம். வெறும் சேசிஸாக வரும் வண்டி பட்டறையிலிருந்து பெயின்ட் மின்ன வெளியே போகும். அதே லாரி சேலம் சாலையில் சுங்கச்சாவடிக்குள் நுழையும்போது நடக்கிற வேலை கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கில் பேட்டரி கிடையாது. மேலேயுள்ள ஆன்டெனா அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு, அது தன் எண்ணைச் சொல்லிவிடும். உரிமையாளர் கணக்கில் பணம் கழியும்.

இதையெல்லாம் கண்காட்சியில் எப்படிக் காட்டுவது?

துபாய் எக்ஸ்போ 2020-இல் அப்படியொரு முயற்சி நடந்தது. கொரோனாவால் தள்ளிப்போய் 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தக் கண்காட்சியின் போக்குவரத்துக் கூடத்துக்கு 'அலிஃப்' என்று பெயர். லண்டனின் ஃபாஸ்டர் + பார்ட்னர்ஸ் நிறுவனம் அதை மூன்று இதழ்கள் விரிந்ததுபோல் வடிவமைத்து, துருப்பிடிக்காத எஃகுத் தகடு போர்த்தியது. உள்ளே போனால் 160 பேருக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றிச்செல்லும் லிஃப்ட். உச்சிக்குப் போய், அரங்கு அரங்காகக் கீழே இறங்கி வர வேண்டும். வந்தவரையே நகர வைத்து நகர்வைப் பற்றிப் பேசியது அருமையான யோசனை. வெளியே, நகரும் கருவிகளை ஓட்டிக் காட்ட 330 மீட்டர் தடம்.

அதைவிட நல்ல முடிவு, கணினித் திரையில் தொடங்காமல் மனிதர்களில் தொடங்கியது. ஒன்பது மீட்டர் உயரத்தில் மூன்று உருவங்கள்: மதுரை வரை வந்துபோன இபுன் பதூதா, கடலோடி இபுன் மாஜித், புவியியலாளர் அல்-பக்ரி. இவர்களில் அல்-பக்ரிதான் இன்றைய காலத்துக்கு மிக நெருங்கியவர். 11-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் இருந்தபடியே, வணிகர்களும் பயணிகளும் சொன்னதைத் திரட்டி, தான் போகாத ஆப்பிரிக்க ஊர்களையும் வழிகளையும் எழுதிவைத்தார். ஆள் அசையாமல் தகவல் மட்டும் பயணம் செய்தது அன்றே நடந்திருக்கிறது.

இப்படியொரு கூடம் லாரி ஊர்களான நாமக்கல்லுக்கோ சங்ககிரிக்கோ கட்டாயம் வேண்டும். பாதி பாடி கட்டிய லாரி ஒன்றை நடுவில் நிறுத்தலாம். ஓட்டுநர் இருக்கையில் பார்வையாளரை உட்காரவைத்து, எதிரே, சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லின் கெடுவை ஓடவிடலாம். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் கணக்கு. மழையோ மறியலோ வந்து லாரி நின்றாலும் அந்தக் கெடு நிற்காது. நேரத்தோடு நீட்டிப்பு வாங்கியாக வேண்டும். அந்தப் பதைப்பை ஐந்து நிமிடமாவது ஊர்க்காரர்கள் உட்கார்ந்து உணரட்டும்.