ஒரே கால், இரண்டு காயங்கள்

உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி நெருங்கும்போதெல்லாம் ரசிகர்கள் இரண்டு பட்டியல்களைத் தேடுவார்கள். ஒன்று, குழுவில் இடம்பெற்றவர்களின் பட்டியல். மற்றொன்று, காயத்தால் விலகியவர்களின் பட்டியல். இந்த இரண்டாவது பட்டியலில் மூத்த ஆட்டக்காரர் ஒருவரின் பெயர் வந்துவிட்டால் மனம் கனத்துப்போகிறது. இளையவர் என்றால் நான்கு ஆண்டுகள் காத்திருக்கலாம். மூத்தவருக்கு அந்த நான்கு ஆண்டுகள் கிடையாது.

2010-இல் இங்கிலாந்தின் டேவிட் பெக்கம் அப்படித்தான் உலகக் கிண்ண வாய்ப்பை இழந்தார்.

யாரும் மோதவில்லை

அப்போது அவருக்கு வயது 34. அமெரிக்காவின் எல்ஏ கேலக்சி குழுவின் ஆட்டக்காரர். ஐரோப்பாவில் தொடர்ந்து ஆடினால்தான் தேசியக் குழுவில் இடம் என்று பயிற்றுநர் ஃபேபியோ கபெல்லோ கண்டிப்பாகக் கூறியிருந்தார். அதற்காகவே இரவல் ஆட்டக்காரராக இத்தாலியின் ஏசி மிலான் குழுவுக்கு வந்திருந்தார் பெக்கம். தென்னாப்பிரிக்காவில் களமிறங்கியிருந்தால், நான்கு உலகக் கிண்ணங்களில் ஆடிய முதல் இங்கிலாந்துக்காரர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்திருக்கும்.

மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை. சான் சிரோ அரங்கில் கியேவோ குழுவுடன் ஆட்டம். முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தன. பந்தோடு நின்ற பெக்கம் திடீரென நொண்டத் தொடங்கினார். எதிரணியினர் யாரும் அவர்மீது மோதவில்லை. இடது குதிகாலுக்கு மேலே உள்ள அக்கிலிஸ் தசைநார் அறுந்துபோயிருந்தது. அழுதபடியே களத்தைவிட்டுச் சென்றார். மறுநாளே பின்லாந்தின் துர்க்கு நகரில் மருத்துவர் சகாரி ஒராவா அறுவைச் சிகிச்சை செய்தார்.

53 நாள் போதுமாக இருந்தது

எட்டு ஆண்டுகளுக்கு முன்பும் இதே இடது கால்தான் இங்கிலாந்தைக் கலங்கடித்தது. 2002 ஏப்ரல் 10-ஆம் தேதி, மான்செஸ்டர் யுனைடெட் குழுவுக்காக ஆடியபோது, டிப்போர்டிவோ குழுவின் ஆல்டோ டுஷர் மோதியதில் அவரது பாத எலும்பு முறிந்தது. ஒரு நாளேடு அந்தப் பாதத்தின் படத்தை அச்சிட்டு, அதைத் தொட்டுப் பிரார்த்திக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொண்டது.

அடுத்த 53-ஆவது நாளில், சுவீடனுக்கு எதிரான ஆட்டத்தில் பெக்கம் குழுவை வழிநடத்தி இறங்கினார். ஜூன் 7-ஆம் தேதி ஜப்பானின் சப்போரோவில், அர்ஜென்டினாவுக்கு எதிரான ஒரே கோலைப் பெனால்டி மூலம் அடித்தார்.

90 நாள் ஏன் போதவில்லை?

2010-இல் காயத்துக்கும் இங்கிலாந்தின் முதல் ஆட்டத்துக்கும் இடையே 90 நாள்கள் இருந்தன. முன்பைவிட ஒரு மாதத்துக்கும் மேல் கூடுதல். ஆனாலும் அந்தக் கால் தயாராக வழியில்லை.

எலும்புக்கு இரத்த ஓட்டம் அதிகம். சாதாரண முறிவு ஆறு முதல் எட்டு வாரங்களில் கூடிவிடும். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் அக்கிலிஸ் தசைநார் உடலிலேயே மிகவும் தடிமனானது; ஆனால் இரத்த ஓட்டம் குறைவு. அறுந்தால் தைத்த பிறகும் ஆட்டத்துக்குத் திரும்ப ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். இளையவராக இருந்தாலும் கதை ஏறத்தாழ அதேதான். வயதின் வேலை அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கான ஓட்டத்தில் தசைநார் சிறிது சிறிதாக நைந்துபோகிறது. பிறகு ஒரு நாள், யாரும் தொடாமலே அறுகிறது.

கோட் அணிந்த ஆட்டக்காரர்

கபெல்லோ அவரைக் கைவிடவில்லை. பெக்கம் குழுவோடு தென்னாப்பிரிக்கா சென்று, கோட் அணிந்து பயிற்றுநர்களோடு அமர்ந்திருந்தார். அங்கிருந்துதான் ஜெர்மனியிடம் இங்கிலாந்து 4-1 என்ற கணக்கில் தோற்றதையும் பார்த்தார்.

ஆகஸ்டு மாதம், பெக்கமுக்கு வயதாகிவிட்டது என்று கபெல்லோ தொலைக்காட்சியில் கூறினார். செப்டம்பர் 11-ஆம் தேதி கேலக்சி குழுவுக்காகப் பெக்கம் மீண்டும் களமிறங்கியபோது தேசியக் குழுவின் கதவு மூடப்பட்டிருந்தது. 2009 அக்டோபரில் பெலாருசுக்கு எதிராக ஆடிய 115-ஆவது ஆட்டமே நாட்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டமாகிவிட்டது.

அவர் அதோடு நின்றுவிடவில்லை. 2011, 2012 இரண்டு ஆண்டுகளிலும் கேலக்சி குழுவோடு அமெரிக்க லீக் கிண்ணத்தை வென்றார். 2013-இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மன் குழுவோடு பிரெஞ்சு லீக்கை வென்றுவிட்டு, 38 வயதில் ஓய்வு பெற்றார்.

நம் திடல்களிலும்

இந்தக் காயம் நட்சத்திரங்களை மட்டும் தேடி வருவதில்லை. வாரம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்துவிட்டு ஞாயிறு காலையில் திடலில் இறங்கும் 30, 40 வயது ஆண்களிடம் இது அதிகம். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருக்கும்; திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அப்போது காலை ஊன்றாமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேல் விறைப்பும் வலியும் தொடர்ந்தால், அந்த வாரம் பந்தைத் தொடாதீர்கள். வலி இல்லாதவர்களும் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றிய பிறகே ஓடத் தொடங்குங்கள்.