மார்பைத் திறந்தவர்கள் – 9: வடகடலோரத்துச் சங்கம்

மார்பைத் திறந்த மாத்திரத்தில் சுவாசப்பை சுருங்கி நோயாளி மூச்சடைத்துப் போகும் விபரீதத்தைத் தவிர்க்க, 1904-ஆம் வருஷம் பிரெஸ்லா நகரத்தில் சாவர்பிருக் என்ற சஸ்திர வைத்தியர் கட்டிய, காற்றழுத்தம் குறைத்த அறையைச் சென்ற வாரம் பார்த்தோம். நோயாளியின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அவருடைய உடலோடு வைத்தியர்களும் உள்ளே அடைபட்டிருந்த அந்தக் காட்சியை எண்ணி வாசகர்களில் சிலர் சிரித்திருக்கவும் கூடும். அந்த அறை வேண்டியதில்லை, தாளகதியில் காற்றை உள்ளே ஊதிக்கொண்டிருப்பதே மேல் என்று பிராணிகளிடம் சோதித்துப் பார்த்து எழுதியவர் ஸ்டாக்ஹோம் நகரத்து யெர்ட்ஸ் என்பவர். அவருடைய சிஷ்யராக ஸப்பாட்ஸ்பெர்க் ஆஸ்பத்திரியில் தொழில் பயின்றவர்தான் இந்த வாரத்து நாயகரான கிளாரன்ஸ் கிராஃபோர்டு.

ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து தேசங்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஜனத்தொகை இரண்டு கோடியை எட்டவில்லை. பனியும் கடலும் மலையும் குறுக்கிடும் அவ்வளவு பெரிய நிலப்பரப்பில், மார்பைத் திறக்கத் துணிந்த சஸ்திர வைத்தியர்கள் ஊருக்கு ஒருவர்கூட இல்லை. தலைநகரத்துக்கு ஒருவர் இருவர் என்றே இருந்தார்கள். அபூர்வமான ஒரு நோயை ஒருவர் ஆயுளில் இரண்டு முறையோ மூன்று முறையோ பார்ப்பார். முதல் தடவை தவறினால், அந்தத் தவற்றிலிருந்து கற்றதைப் பிரயோகிக்க இன்னொரு நோயாளி வருவதற்குள் அவருக்குத் தலை நரைத்துவிடும். ஆகவே கடலுக்கு அக்கரையில் இருக்கும் சகாவின் தவறும் தம்முடைய தவறே என்று எடுத்துக்கொண்டாலொழிய இந்தத் தொழில் அங்கே வளர வழியில்லை. யுத்தத்துக்குப் பிந்திய வருஷங்களில் உருவான ஸ்காண்டிநேவிய மார்பு சஸ்திர சிகிச்சையாளர் சங்கத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அங்கே கூடிய தலைமுறை எப்படிப்பட்டது என்பதையும் சற்று நினைக்க வேண்டும். நார்வேயும் டென்மார்க்கும் ஜெர்மானியரின் பிடியில் ஐந்து வருஷம் கிடந்தவை. பின்லாந்து ருஷ்யாவோடு போரிட்டுக் களைத்தது. ஸ்வீடன் நடுநிலை வகித்து, அதற்காக அண்டை வீட்டாரின் மனத்தாங்கலைச் சம்பாதித்துக்கொண்டது. கோபன்ஹேகன் நகரத்து மார்பு நிபுணரான எரிக் ஹுஸ்ஃபெல்ட் தலைமறைவுப் போராட்டத்தை நடத்திய சுதந்திர சபையின் அங்கத்தினர். 1945-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் தம் தேசத்தின் சார்பில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். ஆஸ்லோ நகரத்துக் கார்ல் செம்ப், விலா எலும்புகளை அகற்றி க்ஷயரோகம் பிடித்த சுவாசப்பையின் உச்சியை அமிழ்த்தும் முறையைத் திருத்தியமைத்துப் பேர்பெற்றவர். இத்தகையவர்களை ஒரே மேஜையைச் சுற்றி உட்காரவைக்க ராஜதந்திரிகள் சிரமப்பட்டிருப்பார்கள். நோய் சிரமமில்லாமல் உட்காரவைத்தது.

கிராஃபோர்டு முதலில் பெயரெடுத்தது 1927-இல். சஸ்திர சிகிச்சையோ பிரசவமோ முடிந்து படுத்திருக்கும் ஒருவருக்குக் காலில் உறைந்த ரத்தக்கட்டி நழுவி, இருதயத்தின் வழியே போய்ச் சுவாசப்பைக்குச் செல்லும் நாடியை அடைத்துக்கொள்ளும். அதை வெட்டியெடுக்கலாம் என்று 1908-இல் லைப்ஸிக் நகரத்து டிரென்டலன்புர்க் முறை வகுத்தார். ஆனால் அவர் கைப்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தச் சிகிச்சையே ஆபத்தானதாகையால், நோயாளி இறந்துகொண்டிருக்கிறார் என்பது நிச்சயமாகும் வரை கத்தியைத் தொடக் கூடாது. நிச்சயமான பின்போ சில நிமிஷங்களுக்குள் எல்லாம் முடிய வேண்டும். கொதித்த நீரில் சுத்தம் செய்த கருவிகளைக் கட்டிலருகே வைத்துக்கொண்டு, ஒரு மனிதரின் முகம் நீலம் பாய்வதைப் பார்த்தபடி, ‘இன்னும் இல்லை, இன்னும் இல்லை’ என்று காத்திருப்பது எத்தகைய மனநிலை என்பதை நான் வர்ணிக்கத் துணியவில்லை. கிராஃபோர்டு அப்படிக் காத்திருந்து இரண்டு பேரைப் பிழைக்க வைத்தார். ஆனால், பிறகு ஸ்டாக்ஹோமிலேயே யோர்ப்பெஸ் என்ற ரசாயன நிபுணர் ஹெப்பரின் மருந்தைச் சுத்தம் செய்து கொடுத்தபோது, ரத்தம் உறையாமல் முன்கூட்டியே தடுக்க அதைக் கையாண்டு, தமக்குக் கீர்த்தி தந்த சிகிச்சைக்கே தேவை குறையுமாறு செய்தவர்களில் முதல்வரிசையில் நின்றவரும் அவரே.

அவருடைய பெருஞ்செயல் ஒரு விபத்திலிருந்து பிறந்தது. பிறந்தவுடன் மூடிக்கொள்ள வேண்டிய நாளம் ஒன்று சில குழந்தைகளுக்கு மூடாமல் நின்றுவிடும். அதைக் கட்டும்போது ரத்தம் பீறிட்டதால், வேறு வழியின்றி மகாதமனியையே இடுக்கியால் பிடித்து நிறுத்த நேர்ந்தது. உடலின் கீழ்ப்பாதிக்கு ரத்தமே போகாதிருந்தும் நோயாளிக்குக் கேடு விளையவில்லை. மற்றொருவராயிருந்தால் குலதெய்வத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அதை மறந்திருப்பார். கிராஃபோர்டோ, மகாதமனி ஓரிடத்தில் குறுகிப்போய், கையில் நாடி துள்ளியடிக்கக் காலில் நாடியே தட்டுப்படாத நோயாளிகளை நினைத்துக்கொண்டார். 1944 அக்டோபர் 19-ஆம் தேதி, 12 வயதுப் பள்ளிச் சிறுவன் ஒருவனுக்கு மேலும் கீழும் இடுக்கி போட்டு, குறுகிய துண்டை வெட்டியெறிந்து, முனையோடு முனை சேர்த்துத் தைத்தார். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு குடியானவருக்கும் அதையே செய்தார். இருவரும் பிழைத்தார்கள்.

சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டம் ஒரு தேசத்திலேயே தங்குவதில்லை. முறை வைத்து ஊர் ஊராகச் செல்கிறது. நம்மூர்ச் சங்கங்களில் பொன்னாடைக்கும் வரவேற்புரைக்கும் கழியும் பொழுதை எண்ணிப் பெருமூச்சு விடும் எனக்கு, இருதயம், சுவாசப்பை என்று கூடம் கூடமாகப் பிரிந்து உட்கார்ந்து, எத்தனை பேருக்குச் செய்தோம், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கு ஒப்பிக்கும் அந்த வழக்கம் பொறாமையூட்டுகிறது. ஆனால் ஐந்து தேசங்களும் ஒரே வேகத்தில் முன்னேறவில்லை. ஐஸ்லாந்து 1986-இல்தான் தன் மண்ணில் திறந்த இருதய சிகிச்சையைத் தொடங்கிற்று; அதற்கு முன் நோயாளிகள் விமானமேறி லண்டன் செல்வார்கள்.

கிராஃபோர்டின் உதவியாளராயிருந்த ஓகெ சென்னிங் 1958 அக்டோபர் 8-ஆம் தேதி செய்ததைப் பலரும் அறிவர். நாளொன்றுக்கு இருபது முப்பது முறை இருதயம் நின்று மயங்கி விழுந்துகொண்டிருந்த ஆர்னே லார்ஸன் என்பவரின் மனைவி விடாப்பிடியாக வந்து மன்றாட, ரூனெ எல்ம்க்விஸ்ட் என்ற இன்ஜினீயர் இரண்டு டிரான்ஸிஸ்டர்களைக் கொண்டு ஒரு மின்துடிப்புக் கருவி செய்து, பூட்ஸ் பாலிஷ் டப்பாவையே அச்சாக வைத்துப் பிசினில் வார்த்தெடுத்துக் கொடுத்தார். பொருத்திய முதல் கருவி சில மணி நேரத்திலேயே செத்தது. மாற்றுக் கருவியும் நெடுநாள் உழைக்கவில்லை. லார்ஸன் ஆயுளில் 26 கருவிகளை மாற்றிக்கொண்டு, செய்தவரும் பொருத்தியவரும் காலமான பிறகு, 2001-இல் தமது 86-ஆம் வயதில் மறைந்தார்.

கிராஃபோர்டுக்குப் பின் அவருடைய ஆசனத்தில் அமர்ந்தவர் வீக்கிங் பியொர்க். அவர் காலத்தில், 1967-இல், ஸ்காண்டிநேவிய மார்பு சஸ்திர சிகிச்சையாளர்களுக்கென்று ஆங்கிலத்தில் ஒரு சஞ்சிகை வெளிவரத் தொடங்கியது. பின்னிஷ் மொழிக்காரர் ஸ்வீடிஷில் திணற வேண்டாமென்ற நிம்மதி அதில் இருந்திருக்கும். பியொர்க்கின் பெயரை உலகம் அறிந்தது, அமெரிக்க இன்ஜினீயர் டொனால்ட் ஷைலியோடு சேர்ந்து அவர் அமைத்த சாய்தட்டு வால்வினால். மெல்லிய வட்டத் தட்டொன்று இரண்டு கம்பிகளுக்கிடையே சாய்ந்து ரத்தத்தை விடும், நிமிர்ந்து அடைக்கும். 1979-இல் வந்த அதன் திருத்திய வடிவத்தில், ஒட்டவைத்த சிறு கம்பி சிலருக்கு ஒடிந்து, தட்டு கழன்று ரத்தத்தோடு போய்விட்டது; நோயாளி சில நிமிஷங்களில் விழுந்தார். 1986-இல் அந்த வகை விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அதே வருஷம், ஸ்டாக்ஹோமில் பொருத்திய வால்வுகளில் ஒடிந்தவற்றைப் பற்றி வைத்தியர் மூவர் எழுதிய கட்டுரை வெளியாயிற்று. லிண்ட்புளூம், செம்ப் (முன்னே சொன்ன கார்ல் அல்லர், வேறொருவர்) என்ற பெயர்களுக்கு நடுவே அச்சாகியிருக்கும் பெயர் பியொர்க்.

ஒடியாத வால்வுகள் பல்லாயிரம். அவற்றைத் தாங்கியவர்களுக்கு இரவில் ஊரடங்கிய பிறகு தம் மார்புக்குள்ளே தட்டு விழும் ஓசை கேட்கும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும்.